முதலில் கேட்டது லாராவை அல்ல

1994 கோடைக்காலத்துக்கு, இங்கிலாந்தின் உள்நாட்டு கிரிக்கெட்டில் ஆடும் வார்விக்ஷயர் கவுன்டி (மாவட்ட) அணிக்கு ஒரு வெளிநாட்டு வீரர் வேண்டியிருந்தது. வழக்கமாக அந்த இடத்தில் ஆடும் ஆலன் டொனால்டு, அந்த வருடம் தென் ஆப்பிரிக்க அணியோடு இங்கிலாந்துக்குச் சுற்றுப்பயணம் வருவதாக இருந்தது. அதனால் முதலில் ஆஸ்திரேலியாவின் டேவிட் பூனோடு பேசி முடித்தார்கள். அவருக்குக் காயம், வர முடியவில்லை. அடுத்து இந்தியாவின் மனோஜ் பிரபாகர். அவருக்கும் காயம். சீசன் தொடங்கப் போகிறது, ஆள் இல்லை. அப்புறம்தான் மேற்கிந்தியத் தீவுகளின் 24 வயது பிரையன் லாராவிடம் போனார்கள். கையெழுத்தான சில நாட்களில் ஆன்டிகுவாவில் இங்கிலாந்துக்கு எதிராக அவர் 375 அடித்தார்.

ஜூன் 6 அன்று எட்ஜ்பாஸ்டனில் டர்ஹம் அணிக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 501. முதல்தர கிரிக்கெட்டில் இன்றுவரை அதுதான் மிக உயர்ந்த ஸ்கோர். அந்த இன்னிங்ஸில் 12 ரன்னில் ஆண்டர்சன் கம்மின்ஸ் அவரை போல்டாக்கினார். அது நோ பால். 18-இல் விக்கெட் கீப்பர் கிறிஸ் ஸ்காட் கேட்சை விட்டார். கடைசி நாள் கடைசி ஓவரில் லாரா 497-இல் இருக்கிறார். அதுவரை சாதனையாக இருந்த ஹனீப் முகமதுவின் 499 அவருக்கு முன்னால் நிற்கிறது. பந்து வீசியவர் பகுதி நேரப் பந்து வீச்சாளர் ஜான் மோரிஸ். இந்த ஓவரோடு ஆட்டம் முடிந்துவிடும், இன்னும் இரண்டு பந்துதான் இருக்கிறது என்று எதிர்முனையில் இருந்த கீத் பைப்பர் வந்து சொன்ன பிறகுதான் லாராவுக்கு அது தெரிந்தது. அடுத்த பந்தைக் கவர் திசையில் பவுண்டரிக்கு விரட்டினார். அந்த வருடம் வார்விக்ஷயர் மூன்று கோப்பைகளை வென்றது.

இந்தக் கதையை எல்லோரும் லாராவின் மேதைமைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்த பகுதி முதல் பத்திதான். கவுன்டி வரலாற்றிலேயே புகழ்பெற்ற ஒப்பந்தம் மூன்றாவது தேர்வாக வந்தது. இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அடுத்த வருடம் லாரா இல்லை, டொனால்டு திரும்பி வந்தார், வார்விக்ஷயர் மறுபடியும் கவுன்டி சாம்பியன்ஷிப்பை, அதாவது கவுன்டிகளுக்கான நான்கு நாள் ஆட்டத் தொடரை, வென்றது. 1998-இல் லாராவை கேப்டனாகவே அழைத்து வந்தார்கள். ஒரு கோப்பையும் கிடைக்கவில்லை. ஆள் அதே ஆள்தான். அந்த வருடம் அணிக்கு என்ன குறை இருந்ததோ, அதை நிரப்பக்கூடியவராக அவர் இல்லை.

பல வருடங்களாகக் கவுன்டி கிரிக்கெட்டைத் தொடர்ந்து பார்க்கிறவன் என்ற முறையில் நான் உறுதியாக நம்புவது இதைத்தான்: வெளிநாட்டு வீரரைத் தேர்ந்தெடுப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வீரர்களின் பட்டியலை அல்ல, தங்கள் அணியை. எந்த மாதத்தில், எந்தப் பிட்சில், எந்த இடத்தில் ஓட்டை இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஆள் தேட வேண்டும். ஆளைப் பிடித்துவிட்டு அவருக்கு இடம் தேடுவது எப்போதும் அரைகுறையாகத்தான் முடியும்.

இங்கே பிற்பகல் மூன்றரைக்கு ஆட்டம் தொடங்கும். கவுன்டி அணிகள் தங்கள் யூடியூப் சேனலிலேயே இலவசமாக ஒளிபரப்புகின்றன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது என் மனைவியின் தம்பி எட்டிப் பார்ப்பான். "யாரு மாமா இது? பேரே கேள்விப்பட்டதில்லையே" என்பான். பேர் கேள்விப்படாத ஒருவர் கம்பளி ஸ்வெட்டர் போட்ட நான்கு ஸ்லிப் ஃபீல்டர்களை நிற்க வைத்துக்கொண்டு ஏழாவது ஓவரை வீசுவார். அந்த ஆள் அந்த இடத்துக்கு ஏன் வந்தார் என்று யோசிக்கத் தொடங்கினால் ஒரு மாலைப்பொழுது போவதே தெரியாது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1968-க்கு முன்பு வெளிநாட்டுக்காரர் ஒருவர் கவுன்டி சாம்பியன்ஷிப்பில் ஆட வேண்டுமென்றால் அந்தக் கவுன்டியில் குடியிருந்து தகுதி பெற வேண்டும். மைதானங்களில் கூட்டம் குறைந்துகொண்டே வந்ததால் அந்த வருடம் விதியைத் தளர்த்தினார்கள். ஒவ்வொரு கவுன்டியும் ஒருவரைக் காத்திருப்பு இல்லாமல் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். கேரி சோபர்ஸ் நாட்டிங்ஹம்ஷயருக்கு வந்தார். ஆகஸ்ட் 31 அன்று ஸ்வான்சீயில் மால்கம் நாஷின் ஒரே ஓவரில் ஆறு சிக்ஸர் அடித்தார். பாரி ரிச்சர்ட்ஸ் ஹாம்ப்ஷயருக்கும், மைக் புரோக்டர் குளோஸ்டர்ஷயருக்கும், ஃபரூக் இன்ஜினியர் லங்காஷயருக்கும் போனார்கள். அதற்குப் பிறகு எத்தனை பேர் என்ற எண்ணிக்கை கூடியும் குறைந்தும் வந்திருக்கிறது. 2021 முதல் சாம்பியன்ஷிப் ஆட்டத்தில் இரண்டு பேரைக் களமிறக்கலாம்.

சோபர்ஸ் வந்தும் நாட்டிங்ஹம்ஷயர் சாம்பியன்ஷிப்பை வெல்லவில்லை. அவர்கள் வென்றது 1981-இல், 52 வருடக் காத்திருப்புக்குப் பிறகு. அதைச் செய்தவர்கள் ரிச்சர்ட் ஹாட்லியும் கிளைவ் ரைஸும். இதுவும் திட்டமிட்டு நடந்ததல்ல. தென் ஆப்பிரிக்கரான ரைஸ் 1978-இல் கேப்டனாக வேண்டியவர். கிரிக்கெட் வாரியங்களுக்கு எதிராக கெர்ரி பேக்கர் தனியாக நடத்திய போட்டித் தொடரில் சேர்ந்துவிட்டார் என்று கவுன்டி அவரை நீக்கியது. அந்த இடத்துக்குத்தான் நியூசிலாந்திலிருந்து ஹாட்லியைக் கூப்பிட்டார்கள். பிறகு ரைஸையும் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டி வந்தது. ஆக, இரண்டு பேரும் கிடைத்தார்கள்.

தற்செயலாகக் கிடைத்தாலும் அதற்குப் பிறகு அவர்கள் செய்தது தெளிவான வேலை. இரண்டு பேருமே வேகப்பந்து வீசுவார்கள், இரண்டு பேருமே பேட் பிடிப்பார்கள். டிரென்ட் பிரிட்ஜ் பராமரிப்பாளர் ரான் ஆல்சப் புல் விட்டுப் பச்சையாகப் பிட்ச் போட்டுக் கொடுத்தார். எதிரணிக்கும் அதே பச்சைப் பிட்ச்தான், ஆனால் ஹாட்லியும் ரைஸும் அவர்களிடம் இல்லை. ஆட்டங்கள் சீக்கிரம் முடிந்தன, வெற்றிகள் சேர்ந்தன. வெளிநாட்டு வீரரைத் தேர்ந்தெடுப்பது என்றால் பதினோரு பேர் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்ப்பதோடு முடிவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. வீரருக்கு ஏற்ற பிட்ச், பிட்சுக்கு ஏற்ற ஆட்டத் திட்டம், அதைச் செயல்படுத்தும் கேப்டன் எல்லாம் ஒரே திசையில் நின்றன. 1984-இல் ஹாட்லி 1,179 ரன்களும் 117 விக்கெட்டுகளும் எடுத்தார். 1987-இல் அவர் விடைபெறும்போது சாம்பியன்ஷிப்பையும் ஒருநாள் போட்டிக்கான நாட்வெஸ்ட் கோப்பையையும் சேர்த்து வென்று கொடுத்துவிட்டுப் போனார்.

அதே நாட்டிங்ஹம்ஷயருக்கு 2019-இல் நம் அஸ்வின் போனார். ஐந்து ஆட்டங்களில் 34 விக்கெட். பேட்டிங்கிலும் முந்நூறுக்கு மேல் ரன். ஒரு வெளிநாட்டு வீரரிடம் இதற்கு மேல் யாரும் கேட்க முடியாது. ஆனால் அந்த வருடம் அந்த அணி ஒரு சாம்பியன்ஷிப் ஆட்டம்கூட வெல்லாமல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அந்த ஸ்கோர்கார்டுகளைப் படிக்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகும். மறுமுனையில் பிடித்துக்கொடுக்க ஆள் வேண்டும், அதற்கு முன்னால் தடுத்துக் காக்க ஓரளவு ரன் வேண்டும். பேட்டிங் சரிந்துகொண்டிருந்த அணிக்கு உலகத்தின் தலைசிறந்த ஆஃப் ஸ்பின்னர் வந்தும் பயனில்லாமல் போனது. அவர் நன்றாக ஆடினார், ஓட்டை வேறு இடத்தில் இருந்தது.

இப்போது தேர்வாளர்களின் பெரிய தலைவலி நாட்காட்டி. சாம்பியன்ஷிப்பில் 14 ஆட்டங்கள். ஏப்ரல் தொடக்கத்தில் ஆரம்பித்து செப்டம்பர் கடைசி வரை போகும். அதில் கிட்டத்தட்ட பாதி, மே முடிவதற்குள் முடிந்துவிடும். அதே ஏப்ரல், மே மாதங்களில்தான் ஐபிஎல். உலகத்தின் பெரிய பெயர்களில் பாதிப்பேர் அப்போது சேப்பாக்கத்திலோ வான்கடேயிலோ இருப்பார்கள். ஜூன், ஜூலையில் இருபது ஓவர் பிளாஸ்ட் போட்டிகள் இடையில் புகும். ஆகஸ்டில் நூறு பந்துப் போட்டியான ஹண்ட்ரட். நடுவில் எந்த நாட்டுக்கு எப்போது டெஸ்ட் தொடர் என்று பார்க்க வேண்டும், அந்த வீரருடைய கிரிக்கெட் வாரியம் தடையின்மைச் சான்று தர வேண்டும், அப்புறம் விசாவுக்கான தகுதி விதிகள். முகூர்த்தத்துக்கு வர முடியாத நாதஸ்வர வித்வான் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தால் என்ன? சின்ன கவுன்டிகளுக்கு இதில் கூடுதல் கஷ்டம். சர்ரே போன்ற பணக்கார அணி ஒரு தவறான ஒப்பந்தத்தைத் தாங்கிக்கொள்ளும். டெர்பிஷயரோ லெஸ்டர்ஷயரோ தாங்காது.

விராட் கோலி 2018 ஜூனில் சர்ரேக்கு ஆடுவதாக ஒப்பந்தமானது. கழுத்துக் காயத்தால் வரவில்லை. 2025 ஜூலையில் ருதுராஜ் கெய்க்வாட் யார்க்ஷயருக்கு ஆட வேண்டியவர். ஸ்கார்பரோவில் சர்ரேக்கு எதிரான ஆட்டத்துக்குச் சில நாட்கள் முன்பு தனிப்பட்ட காரணங்களால் விலகினார். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. உடம்பும் குடும்பமும் முதலில். ஆனால் பெரிய பெயர் ஒன்றின் மேல் சீசனைக் கட்டினால், அந்தப் பெயர் விலகும்போது கையில் ஒன்றும் மிஞ்சாது. அதே ஸ்கார்பரோ ஆட்டத்தில் எதிரணியில் சர்ரேக்காக சாய் கிஷோர் இறங்கினார். அந்த மாதத் தொடக்கத்தில்தான் அவர் தலைமையில் திருப்பூர் அணி தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) கோப்பையை வென்றிருந்தது. கோடை நடுவில், பிட்ச் காய்ந்திருக்கும் நேரத்தில், ஒரு இடதுகை ஸ்பின்னர் தேவைப்பட்ட அணி அதற்கென்றே ஒருவரைத் தேடிப் பிடித்தது. எனக்குப் பிடித்த வகைத் தேர்வு அது. இரண்டே ஆட்டங்களுக்கு என்பதில்தான் வருத்தம்.

ஏப்ரலில் யார் வேண்டும் என்பது வேறு கணக்கு. குளிர், ஈரம், இங்கிலாந்தில் பயன்படுத்தும் டியூக்ஸ் பந்தின் தடித்த தையல். அங்கே தேவைப்படுவது மணிக்கு 150 கிலோமீட்டர் அல்ல. 130-இல் வந்து, ஒரே இடத்தில் குத்தி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொஞ்சமாகத் திருப்புகிற ஆள். பாகிஸ்தானின் முகமது அப்பாஸ் 2018-இல் லெஸ்டர்ஷயருக்கு 50 விக்கெட் எடுத்தார். சராசரி 18-க்கும் குறைவு. அவர் பந்து வீசுவதைப் பார்த்தால் ஆபத்தானவர் என்றே தோன்றாது. மெதுவாக ஓடி வருவார், ஸ்டம்புக்கு ஒட்டினாற்போல் கை வரும், பந்து நல்ல லெங்த்தில் விழும். பேட்ஸ்மேன் விட்டுவிடலாமா ஆடலாமா என்று யோசிக்கிற அரை நொடியில் பேட் ஓரத்தில் மெல்லிய சத்தம். அதே 2018-இல் நியூசிலாந்தின் மாட் ஹென்றி கென்ட் அணிக்கு 75 விக்கெட்டுகள் எடுத்து, அணியை முதல் பிரிவுக்கு ஏற்றிவிட்டார். இவர்கள் இரண்டு பேரின் படமும் அப்போது எந்தக் குளிர்பான விளம்பரத்திலும் இல்லை.

பேட்ஸ்மேன்களில் எனக்கு மிகவும் பிடித்த தேர்வு 2019-இல் கிளமார்கன் செய்தது. மார்னஸ் லபுஷேன் அப்போது ஐந்து டெஸ்ட் ஆடியவர், சதம் கிடையாது, ஆஸ்திரேலிய அணியில் நிலையான இடமும் கிடையாது. பத்து ஆட்டங்களில் ஆயிரத்து நூறுக்கு மேல் ரன், ஐந்து சதம். அந்த ஆகஸ்டிலேயே லார்ட்ஸில் தலையில் அடிபட்ட ஸ்டீவ் ஸ்மித்துக்குப் பதிலாக ஆஷஸில் இறங்கினார். அதற்கப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். பசியோடு இருக்கிற ஆளைக் கண்டுபிடிப்பது என்பது இதுதான். ஏற்கனவே எல்லாம் சாதித்தவருக்கு ஒரு குளிர்ந்த செவ்வாய்க்கிழமை காலை கார்டிஃபில் கவனத்தோடு பந்தைக் கணித்து விடுவதற்கு என்ன காரணம் இருக்கிறது? சிலருக்கு இருக்கும். புஜாராவுக்கு இருந்தது. 2022-இல் இந்திய அணியிலிருந்து விடப்பட்டு, ஐபிஎல்லிலும் யாரும் கேட்காத நிலையில் சஸெக்ஸுக்குப் போனார். 1,094 ரன், ஐந்து சதம், சராசரி நூறைத் தாண்டியது. ஹோவ் மைதானத்தில் ஒரு முனையில் புஜாராவும் மறுமுனையில் பாகிஸ்தானின் ரிஸ்வானும் சேர்ந்து டர்ஹம் பந்து வீச்சைக் களைப்படைய வைத்த அந்த ஏப்ரல் பொழுதை நான் மறக்கவே மாட்டேன். இரண்டு நாடுகளும் நேருக்கு நேர் டெஸ்ட் ஆடி எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்ட காலத்தில், இருவரும் நடுப்பிட்சில் வந்து பேசிக்கொள்வதைப் பார்க்க ஒரு கவுன்டி ஆட்டம்தான் கிடைத்தது.

அணியின் இளம் வீரர்களுக்கு வெளிநாட்டு வீரர் என்ன விட்டுச் செல்கிறார் என்ற கேள்விதான் சோமர்செட்டை 1986-இல் இரண்டாகப் பிளந்தது. விவியன் ரிச்சர்ட்ஸை அந்த அணிக்குக் கொண்டுவந்தவர் லென் கிரீட் என்ற பாத் நகரத்துப் பந்தயத் தரகர். ஆன்டிகுவாவில் பார்த்துப் பிடித்துப்போய், கூட்டி வந்து, 1973-இல் லான்ஸ்டவுன் கிளப்பில் ஆட வைத்தார். அடுத்த வருடம் ஸ்வான்சீயில் சோமர்செட்டுக்கு முதல் ஆட்டம், ஆட்டமிழக்காமல் 81. பெவிலியன் திரும்பிய அந்த இளைஞனை கேப்டன் பிரையன் குளோஸ் மற்ற வீரர்களோடு நின்று கைதட்டி வரவேற்றார். 1977-இல் ஜோயல் கார்னரும் சேர்ந்தார். 1979-இல் அந்த அணி தன் வரலாற்றின் முதல் கோப்பைகளைத் தொட்டது. ஆனால் 1985-இல் சாம்பியன்ஷிப்பில் கடைசி இடம். கேப்டன் பீட்டர் ரோபக்கும் நிர்வாகமும் ரிச்சர்ட்ஸ், கார்னர் இருவரையும் விடுவித்துவிட்டு நியூசிலாந்தின் மார்ட்டின் குரோவை எடுப்பது என்று முடிவெடுத்தார்கள். குரோ ஏற்கனவே 1984-இல், மேற்கிந்திய வீரர்கள் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது, சோமர்செட்டுக்கு ஆடியவர். இளம் வீரர்களோடு உட்கார்ந்து பேசுவதிலேயே நேரத்தைச் செலவிட்டவர்.

ரசிகர்கள் கொதித்தார்கள். உடை மாற்றும் அறையில் ரோபக்கின் இடத்தில் 'யூதாஸ்' என்று எழுதி ஒட்டினார் அதே அணியின் நட்சத்திர வீரர் இயன் போத்தம். அந்த நவம்பரில் ஷெப்டன் மாலெட் ஊரில் உறுப்பினர்களின் சிறப்புக் கூட்டம் கூடியது. வாக்கெடுப்பில் நிர்வாகமே ஜெயித்தது. போத்தமும் கிளம்பிவிட்டார்.

இதில் யார் சரி? குரோவைக் கேட்ட காரணத்தில் தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். கோப்பை வென்ற அணி வயதாகி, அடியில் இளைஞர்கள் வளராமல் கிடந்தது; அவர்களை வளர்க்கக்கூடியவரை நிர்வாகம் தேடியது. அது ஓட்டையைப் பார்த்து எடுத்த முடிவு. ஆனால் பன்னிரண்டு வருடம் அந்த ஊருக்காக ஆடிய மனிதரை அனுப்பிய விதத்தை ஏற்க முடியாது. ஓய்வுபெறும் ஊழியருக்குக் கிடைக்கும் மரியாதைகூட அவருக்குக் கிடைக்கவில்லை. குரோவும் அடுத்த சீசன் நன்றாக ஆடி, அதற்கடுத்த வருடம் காயத்தில் போனார். சோமர்செட் எதிர்பார்த்த நீண்ட காலம் அமையவே இல்லை.

அமைந்த இடங்களும் உண்டு. யார்க்ஷயர், தன் மண்ணில் பிறந்தவர்களைத் தவிர யாரையும் சேர்ப்பதில்லை என்று ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடிவாதமாக இருந்த அணி. 1992-இல் அந்தக் கதவைத் திறந்தது. ஆஸ்திரேலியாவின் கிரெய்க் மெக்டெர்மட் காயத்தால் வர முடியாமல் போக, 19 வயது சச்சின் வந்தார். 1,070 ரன், ஒரு சதம். மரியாதையான சீசன், ஒரே சீசன். அந்த அணியின் விதியை உண்மையில் மாற்றியவர் 1997 முதல் பல வருடங்கள் வந்து ஆடிய ஆஸ்திரேலியாவின் டேரன் லேமன். 2001-இல் யார்க்ஷயர் 33 வருடங்களுக்குப் பிறகு சாம்பியன்ஷிப் வென்றபோது நடுவில் நின்றவர் அவர். 2006-இல் அந்த அணிக்காக அவர் ஆடிய கடைசி இன்னிங்ஸில் அடித்தது 339. வார்விக்ஷயரின் ஜீதன் படேலும் அப்படித்தான். நியூசிலாந்துக்கு 24 டெஸ்ட் மட்டுமே ஆடிய ஆஃப் ஸ்பின்னர், பர்மிங்ஹமுக்குப் பத்து வருடத்துக்கு மேல் உறவு. 2012 சாம்பியன்ஷிப்பில் இருந்தார், கடைசியில் கேப்டனாகி இரண்டாம் பிரிவிலிருந்து அணியை மேலே கொண்டுவந்தார். லாராவைவிட வார்விக்ஷயருக்கு அதிகம் கொடுத்தவர் அவர்தான் என்று நான் சொன்னால் என் மைத்துனன் சண்டைக்கு வருவான். ஆனாலும் சொல்வேன்.

இதற்கு மாறாக ஒரு வாதமும் உண்டு. 2025-இல் நாட்டிங்ஹம்ஷயர் சாம்பியன்ஷிப்பை வென்றது. வெளிநாட்டு வீரர்கள் ஒருவர் போக ஒருவர் வந்தார்கள். சீசன் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் ஃபெர்கஸ் ஓநீல், விக்கெட் கீப்பராகத் தென் ஆப்பிரிக்காவின் கைல் வெரெய்ன், அவர் இல்லாத இரண்டு ஆட்டங்களுக்கு இஷான் கிஷன், அப்புறம் அப்பாஸ். நீண்ட உறவெல்லாம் இல்லை. ஆனால் பட்டியலைக் கவனித்துப் பாருங்கள். ஏப்ரலுக்கு ஒரு தையல் பந்து வீச்சாளர், கீப்பர் போனால் கீப்பர், டியூக்ஸ் பந்துக்குப் பழகிய அப்பாஸ். ஓநீல் அதுவரை ஒரு டெஸ்ட்கூட ஆடாதவர். பெயருக்காக எடுத்த ஆள் அதில் யார்? இன்றைய நாட்காட்டியில் லேமனைப் போலப் பத்து வருடம் யாராலும் வர முடியாது என்றால், செய்யக்கூடிய மிகச் சரியான வேலை இதுதான்.

என்னிடம் யாரும் கேட்கப் போவதில்லை என்றாலும் அடுத்த சீசனுக்கு என் விருப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் பிரிவில் இருக்கும் ஒரு சின்ன கவுன்டி, ஏப்ரலுக்கும் மேக்கும் ஒரு நியூசிலாந்து அல்லது ஆஸ்திரேலிய மித வேகப் பந்து வீச்சாளரை எடுக்கட்டும். உள்நாட்டு சீசன் அப்போதுதான் முடிந்திருக்கும், உடம்பு தயாராக இருக்கும். டிஎன்பிஎல் முடிந்த கையோடு சாய் கிஷோரைக் கூப்பிடட்டும். இரண்டு ஆட்டத்துக்கு வேண்டாம், செப்டம்பர் கடைசி வரை. எட்டாம் இடத்தில் இறங்கி முப்பது, நாற்பது ரன்னும் சேர்ப்பார். காலையில் அந்தக் கவுன்டியின் இரண்டாம் அணியில் இருக்கிற இளம் ஸ்பின்னர் ஒருவனோடு வலையில் நின்று, சேப்பாக்கத்தில் கற்றதைச் சொல்லிக் கொடுக்கவும் அவருக்கு நேரம் இருக்கும்.